புகை வகுத்த சுவர்: தமிழர் வீட்டில் அடுக்களையின் இடம்

அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பு, அடுக்களை, அடிசில், சங்கப் பாடல்களில் வரும் அட்டில் எல்லாம் அந்த ஒரு வேரில் கிளைத்த சொற்கள். இன்றைக்கும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு பெயர் மாறுகிறது: அடுப்படி, அடுப்பங்கரை, சமையல்கட்டு, சமையலுள். விருந்துக்கென்று போடும் தற்காலிகச் சமையல் கொட்டகைக்கு ஆக்குப்புரை என்று தனிப் பெயரே உண்டு. பெயர் எதுவானாலும் புகை கூடவே வருகிறது. குறுந்தொகையின் 167ஆம் பாடலில் புதுக் குடித்தனம் நடத்தும் பெண் ஒருத்தி தயிர் பிசைந்த விரல்களை உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொண்டு குழம்பு வைக்கிறாள். தாளிப்பின் புகை அவள் கண்களை நிறைக்கிறது. தாளிப்புக்கு அந்தக் காலத்துச் சொல் குய். நற்றிணையின் 120ஆம் பாடலில் விருந்தினருக்காக மீன் சமைப்பவளும் புகையில் கண் கலங்கி, நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டுதான் நிற்கிறாள்.

கூடம் வேறு, அடுக்களை வேறு என்று வசதியான தமிழர் வீடு பிரிந்து நின்றதற்கும், இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரண்டும் ஒன்றாகத் திறந்து கிடப்பதற்கும் முதல் காரணம் அடுப்பில் எரிந்த பொருள். சாதியும் ஆசாரமும் ஆண் பெண் வேறுபாடும் அந்தச் சுவரை உயர்த்தின. நெடுங்காலம் விழாமல் தாங்கின. ஆனால் அதற்கு அடித்தளம் போட்டது விறகு.

விறகடுப்பு தரையோடு தரையாக இருந்தது. மூன்று கல்லைக் கூட்டி வைப்பது அதன் எளிய வடிவம். களிமண்ணில் குமிழ் வைத்துக் கட்டிச் சாணம் மெழுகியது அடுத்த படி. பெரிய அடுப்பின் பக்கத்தில் துளைவிட்டு, வீணாகும் அனலை இன்னொரு வாய்க்குத் திருப்பியது கொடியடுப்பு. அதில் சோறு கொதிக்கும்போதே பக்கத்தில் குழம்பு சுண்டும். பன்னாடை, பாளை, சுள்ளி, வறட்டி என்று ஒவ்வொன்றும் எரியும் விதம் வேறு. பால் காய்ச்ச ஏற்ற தணல் சோளம் வறுக்க உதவாது. ஊதுகுழலை வாயில் வைத்தபடி குனிந்தே இருக்கவேண்டிய வேலை அது. ஈர விறகு வந்து சேர்ந்துவிட்டால் அன்றைய சமையல் முழுக்கக் கண்ணீரோடு நடக்கும்.

புகைக்கும் பயன் இருந்தது. அடுப்புக்கு மேலே உத்தரத்தில் விதைக்கென்று எடுத்துவைத்த சோளக்கதிரும் சுரைக்காயும் தொங்கின. கரி படிந்த விதையை வண்டு அண்டாது. கூரையின் ஓலையும் மூங்கிலும் புகை ஏறினால் சீக்கிரம் உளுத்துப்போகாது. ஆனாலும் அதே புகை சுண்ணாம்படித்த சுவரைக் கறுக்கவைத்தது, துணியில் ஏறியது, கைக்குழந்தையை இருமவைத்தது. ஓலைக் கூரையில் ஒரு பொறி பறந்தால் வீடே போய்விடும். இடம் இருந்தவர்கள் அடுப்பைப் படுக்கும் இடத்திலிருந்தும் உட்காரும் இடத்திலிருந்தும் தள்ளி வைத்தார்கள்.

எவ்வளவு தள்ளி வைத்தார்கள் என்பதைக் காவிரிப் படுகையின் அக்கிரகார வீடுகளில் நடந்து பார்த்தால் தெரியும். குறுகிய முகப்பும் நீண்ட உடலும் கொண்ட வீடு அது. பக்கச் சுவர்கள் அடுத்த வீட்டோடு பொதுவாக இருப்பதால் காற்றும் வெளிச்சமும் தெருப்பக்கம், கொல்லைப்பக்கம், நடுவே முற்றம் ஆகிய மூன்றிலிருந்துதான் வரவேண்டும். திண்ணை ஏறி, ரேழி கடந்து, கூடத்தையும் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தையும் தாண்டினால் கடைசியில் சமையலுள். அதன் பின்வாசல் கொல்லையில் திறக்கும். கிணறு அங்கே, விறகு அடுக்கியிருப்பது அங்கே, மாட்டுக்கொட்டில் அங்கே. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் பாய்ந்தது. சாம்பலே பாத்திரம் தேய்க்கும் பொடியாயிற்று. தண்ணீரும் விறகும் உள்ளே வரும் வழி, எச்சில் இலையும் கழிவுநீரும் வெளியே போகும் வழி எல்லாம் ஒரே பக்கம் அமைந்திருந்தன. புகை ஓட்டின் இடுக்கு வழியே கசிந்தது. பகல் வெளிச்சத்துக்குக் கூரையில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு பதித்தார்கள். அந்த ஓட்டின் வழியே விழும் ஒளிக்கற்றையில் புகை சுழல்வது பழைய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மறக்காத காட்சி.

செட்டிநாட்டு வீடுகளில் இந்தத் தொலைவு இன்னும் கூடியது. பல வீடுகளின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். வரவேற்பும் வட்டிக்கணக்கும் முகப்பில், சடங்குகள் வளவில், பெண்களின் புழக்கமும் சமையலும் பின்கட்டுகளில் நடந்தன. நகரத்தாரிடம் வேறு வைத்தல் என்றொரு வழக்கம் உண்டு. மணமான மகனையும் மருமகளையும் அதே வீட்டில் தனிச் சமையலோடு குடிவைப்பது அது. ஒரே கூரையின் கீழ் சில அடுப்புகள் தனித்தனியாக எரியும். வீட்டையும் முற்றத்தையும் பங்கிட்டுக்கொண்டவர்கள் அடுப்பை மட்டும் பங்கிடவில்லை. குடும்பம் என்பதன் எல்லை அங்கே அடுப்போடு நின்றது.

புகை தள்ளிவைத்த இடத்தில் ஆசாரம் வந்து உட்கார்ந்தது. சமையலுள்ளும் பூசையிடமும் பல வீடுகளில் அடுத்தடுத்து இருந்தன, சில வீடுகளில் இரண்டும் ஒன்றே. மடி, எச்சில், பத்து, தீட்டு என்று விதிகள் அங்கேதான் கடுமையாயின. மாதவிலக்கு நாட்களில் அந்த வீட்டுப் பெண்களே உள்ளே போக முடியாது. வெளியாள் எவ்வளவு தூரம் வரலாம் என்பதைச் சாதி அளந்தது. ஒருவருக்குத் திண்ணையோடு சரி, இன்னொருவருக்கு ரேழி வரை, மற்றொருவருக்குக் கூடத்தில் இலை போடுவார்கள், அடுக்களைக்குள் தன் சாதியார் மட்டும். கொல்லை வழியே வந்து விறகு பிளந்து, மாடு பார்த்து, சாணம் வாரிக் கொடுத்தவர்களுக்கோ அந்தப் பின்வாசலே எல்லை. அவர்களுடைய உழைப்பு அடுக்களைக்குள் வந்தது, அவர்கள் வரவில்லை. இந்த வீடுகளின் அழகை வியந்து எழுதும் நூல்கள் இந்த அளவுகோலையும் சேர்த்து எழுதவேண்டும். வீட்டின் வரைபடமே அதுதான்.

தனி அடுக்களை, இடம் உள்ளவர்களின் உடைமை. மண்சுவர் எழுப்பி ஓலை வேய்ந்த ஒற்றை அறைக் குடிசையில் கூடம், அடுக்களை என்ற பிரிவுக்கு வழியில்லை. வெயில் காலத்தில் வாசலோரம் ஒரு கீற்று மறைப்புக்குப் பின்னால் அடுப்பு எரிந்தது. மழைக்காலத்தில் உள்ளே ஒரு மூலைக்கு வந்தது. உண்பதும் உறங்குவதும் பிள்ளை பெறுவதும் அந்த அடுப்பு எரியும் அறையில்தான். சமையலும் வாழ்விடமும் ஒன்றாக இருக்கும் வீட்டை இன்று புதுப் பாணி என்று விற்கிறார்கள். உழைக்கும் மக்களில் மிகப் பலர் காலங்காலமாக வாழ்ந்த வடிவம் அது. புகையையும் அவர்கள்தான் முழுக்கச் சுவாசித்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் அடுக்களை பல வளவுகளில் வீட்டைவிட்டே விலகித் தனிக் கொட்டிலாக நின்றது. அங்கே அதற்கு வழங்கும் குசினி என்ற சொல் போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கீசர் போன பிறகும் சொல் தங்கிவிட்டது. சென்னையில் ஆங்கிலேயர் கட்டிய தோட்ட வீடுகளிலும் சமையல் கட்டடம் தனி. வெப்பம், வாடை, தீப்பிடிக்கும் அச்சம் ஆகியவற்றோடு வேலைக்காரர்களைக் கண்ணில் படாமல் வைக்கும் விருப்பமும் அதற்குக் காரணம். சமைத்ததை மூடி எடுத்துக்கொண்டு வந்து பட்லர் பரிமாறுவார்.

புகையை வீட்டிலிருந்து விரட்டாமல் அடுப்பிலிருந்தே விரட்டலாம் என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வலுத்தது. 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா காந்தியின் அழைப்பில் நடத்திய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் 1934இல் தொடங்கியது. வார்தாவில் அதன் இருப்பிடமான மகன்வாடியின் பெயரால் வழங்கிய மகன் சூலா என்ற மண்ணடுப்பு அந்த முயற்சிகளில் ஒன்று. ஹைதராபாத்தில் பொறியாளர் எஸ். பி. ராஜு வடிவமைத்த புகையில்லா அடுப்பைப் பற்றிய கையேடு 1953இல் வெளிவந்தது. இந்த அடுப்புகளின் வேலைமுறை எளிது. விறகு வைக்கும் வாயைத் தவிர மற்றதெல்லாம் மூடிய மண் உடல். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று பாத்திரங்களுக்கு அடியில் அனல் ஓடி, கடைசியில் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகும். நல்ல யோசனைதான். ஆனால் பாத்திரத்தின் அளவு மாறினால் இடுக்கில் புகை வரும், மண் வெடிக்கும், குழாயில் கரி அடைத்தால் புகை முழுவதும் உள்ளேயே திரும்பும். 1980களில் நடுவண் அரசு நாடு முழுக்க மேம்பட்ட அடுப்புகளைக் கட்டிக் கொடுத்தபோதும் பல வீடுகளில் அவை சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. அடுப்பைக் கட்டிக் கொடுத்தவர்கள் குழாயைச் சுத்தம் செய்ய ஆள் வைக்கவில்லை.

நகரத்தில் கதை வேறு வழியில் போனது. சென்னையின் ஒண்டுக்குடித்தனங்களில் ஒரு பெரிய வீடு பல போர்ஷன்களாகப் பிளந்தது. ஓர் அறையும் தாழ்வாரத்தில் தட்டி வைத்து மறைத்த சமையல் மூலையும் ஒரு குடும்பத்துக்கு. கிணறும் கக்கூசும் எல்லோருக்கும் பொது. விறகுப் புகை அக்கம்பக்கத்துச் சண்டைக்குக் காரணமாகும் அந்த நெருக்கத்தில் குமுட்டி அடுப்பும் மரத்தூள் அடுப்பும் உதவின. நடுவில் ஒரு புட்டியை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுக்கித் திணித்து, புட்டியை மெல்ல உருவி எடுத்தால் வரும் குழிதான் மரத்தூள் அடுப்பின் நெருப்பு வழி. மண்ணெண்ணெயில் எரியும் திரி ஸ்டவ்வும் பம்பு ஸ்டவ்வும் அடுத்து வந்தன. சுவீடனில் 1892இல் உருவான பிரைமஸ் அடுப்பின் வழிவந்தது இந்தப் பம்பு ஸ்டவ். வாடை இருந்தது, வெடிக்கும் அபாயமும் இருந்தது. ஆயினும் கரி இல்லை, விறகு அடுக்க இடம் வேண்டாம். அடுப்பைக் கையில் தூக்கி இன்னொரு மூலையில் வைக்கலாம் என்பதே வீட்டு அமைப்பில் பெரிய மாற்றம். அதுவரை அடுப்பு இருந்த இடம்தான் அடுக்களை.

எரிவாயு இந்தக் கதையைத் திருப்பிவிட்டது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் முதல் இண்டேன் இணைப்பு 1965 அக்டோபரில் கல்கத்தாவில் தரப்பட்டது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் 14.2 கிலோ சிலிண்டர் தமிழகத்து நடுத்தரக் குடும்பங்களின் அடுக்களையில் இடம்பிடித்தது. சிலிண்டரைவிட உயரத்தில் அடுப்பு இருக்கவேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அதனால் மேடை வேண்டியிருந்தது. இடுப்பளவு உயரத்தில் கடப்பா கல் பதித்த மேடை புதிய வீடுகளில் வழக்கமாயிற்று. பிறகு கிரானைட் வந்தது. தரையில் குந்தி ஊதிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் இதனால் என்ன ஆயிற்று என்பது ஒருபுறம் இருக்கட்டும், வீட்டின் வரலாற்றில் இது பெரிய நிகழ்ச்சி. உட்கார்ந்து சமைப்பவரின் கண்ணுக்கு எதிரே சுவர்தான் தெரியும். நின்று சமைப்பவர் ஜன்னலைப் பார்க்கிறார், அரைச்சுவருக்கு மேலாக அடுத்த அறையைப் பார்க்கிறார். புகையும் இல்லை, பார்வையும் உயர்ந்துவிட்டது. சுவருக்கு இருந்த பழைய காரணங்களில் இரண்டு இவ்வாறு போயின.

அரைப்பும் இடம் மாறியது. அம்மி, ஆட்டுக்கல், உரல் மூன்றும் கனமானவை, நீர் சிந்துபவை. அவற்றுக்குத் தாழ்வாரமோ கொல்லையோ வேண்டும். கோயம்புத்தூரில் 1955இல் பி. சபாபதி உருவாக்கிய மின்சார மாவரைக்கும் இயந்திரமும், 1963இல் சுமீத் என்ற பெயரில் வந்த மிக்ஸியும் அந்த வேலையை மேடைக்கும் அதன் அடிக்கும் கொண்டுவந்தன. 2006ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்பு, 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், 2016இல் நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் ஆகியவை இந்த மாற்றத்தைச் சிற்றூர்களுக்கும் எடுத்துச்சென்றன. இருந்தும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் வாசலில் விறகடுப்பு இன்னும் எரிகிறது. சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் கூடுதலாக எரிகிறது.

கூடத்தோடு சேர்ந்த அடுக்களை என்ற கட்டடக்கலைக் கருத்து இங்கே பிறந்ததில்லை. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மே தலைமையில் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தபோது, மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் 1926இல் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ஒவ்வோர் அடியெடுப்பையும் கணக்கிட்டு, மேடையும் அலமாரியும் தொடர்ச்சியாக அமைந்த அறை அது. சுமார் 10,000 வீடுகளில் பொருத்தப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு மூதாதை அதுவே. வேலையைக் குறைத்த அந்த அறை, சமைப்பவரை ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய பெட்டிக்குள் தனிமைப்படுத்தியது என்ற குறையும் பின்னாளில் எழுந்தது. அமெரிக்காவில் ஃபிராங்க் லாய்டு ரைட் 1937இல் மேடிசன் நகரில் கட்டி முடித்த ஜேக்கப்ஸ் வீட்டில் நேர்மாறான வழி எடுத்தார். வேலைக்காரர் இல்லாத, அதிக வசதியில்லாத குடும்பத்துக்கான வீடு அது. வீட்டின் நடுவே கணப்பை ஒட்டி, உணவு உண்ணும் இடத்தையும் கூடத்தையும் நோக்கித் திறந்ததாகச் சமையலிடத்தை வைத்தார். கூரையை உயர்த்தி, மேல் ஜன்னல்கள் வழியே வாடை போக வழிசெய்தார். கதவைத் திறந்தவர் காற்றையும் கணக்கில் கொண்டிருந்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். அந்த வடிவத்தைப் பின்னால் எடுத்தாண்ட பலர் கூரையைப் பற்றி நினைக்கவில்லை.

தமிழக நகரங்களில் 1961இல் அமைந்த வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புகளும் பிறகு தனியார் கட்டிய ஃபிளாட்டுகளும் முற்றத்தையும் கொல்லையையும் நீக்கிவிட்டு ஹால், பெட்ரூம், கிச்சன் என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டன. அடுக்களை இப்போது கூடத்துக்கு ஒரு சுவர் தள்ளி. தேசியக் கட்டட விதித் தொகுப்பு, உணவருந்தத் தனி இடம் உள்ள வீட்டில் சமையலறைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டரும், அங்கேயே உண்பதானால் 7.5 சதுர மீட்டரும் கேட்கிறது. நிலத்தின் விலை ஏற ஏறக் கட்டுநர்கள் இந்தக் கீழ் எல்லையை ஒட்டியே கட்டினார்கள். இடையே 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. வீட்டார் எல்லோரும் ஹாலில் கூடும் மாலை நேரம்தான் இரவுச் சமையலின் நேரம். சமைப்பவருக்குச் சத்தம் மட்டும் கேட்டது. அடுக்களைச் சுவரில் தட்டு நீட்டுவதற்கென்று வைத்த சதுரத் திறப்பு பல வீடுகளில் அகலமானதற்கு இந்த ஏக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கும். திறப்பு அரைச்சுவராயிற்று. அரைச்சுவர் நாற்காலி போட்ட கவுண்டராயிற்று. 2000த்துக்குப் பிறகு ஓபன் கிச்சன் என்ற பெயர் விளம்பரங்களில் ஏறியது.

சுவர் போனதில் கிடைத்தது பெரிது. ஒருவர் மட்டும் உள்ளே வேக, மற்றவர்கள் வெளியே பேசிக்கொண்டிருந்த ஏற்பாடு கலைந்தது. கணவனும் பிள்ளைகளும் காய் நறுக்க வருவதற்குக் கதவு ஒரு சாக்காக நிற்கவில்லை. இழந்ததும் உண்டு. மாமியாரும் மருமகளும் சண்டையிட்டதும் சமாதானமானதும், ஓரகத்திகள் ஆண்கள் காதில் விழாமல் பேசியதும் அழுததும் அடுக்களையில்தான். பின்கட்டு பெண்களை அடைத்துவைத்த இடமாக இருந்ததோடு அவர்களுக்கென்று இருந்த ஒரே இடமாகவும் இருந்தது.

தமிழ்ச் சமையல் எரிவாயுவுக்கு மாறினாலும் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழும்போது எழும் நெடி இன்னும் வீடு முழுவதையும் தும்மவைக்கிறது. கருவாடு வறுத்தால் சோபாவின் துணி இரண்டு நாள் மணக்கும். மிக்ஸி ஓடும்போது ஹாலில் படிக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. எரிவாயுச் சுடரும் நைட்ரஜன் டை ஆக்சைடைக் கக்குகிறது. சுவர் இல்லாத வீட்டில் அது எல்லா இடத்துக்கும் போகும். மின்சாரச் சிம்னி இதற்கு மருந்தாக வந்தது. குழாய் வழியே வெளியே தள்ளும் வகை ஒன்று, கரி வடிகட்டியில் சலித்துக் காற்றை உள்ளேயே திருப்பிவிடும் வகை இன்னொன்று. ஃபிளாட்டின் உத்தரம் குழாய்க்கு வழிவிடாத இடங்களில் இரண்டாவது வகையைப் பொருத்துகிறார்கள். அது எண்ணெயையும் ஓரளவு வாடையையும் பிடிக்கும், வெப்பத்தையும் ஈரத்தையும் பிடிக்காது.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்தச் சிக்கலுக்கு இரட்டைச் சமையலறை ஒரு விடையாயிற்று. கூடத்தை ஒட்டி, காப்பி போடவும் ரொட்டி வாட்டவும் உலர் சமையலறை. பின்பக்கம் கதவோடு, தாளிக்கவும் பொரிக்கவும் ஈரச் சமையலறை. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதிய அடுக்குமாடி வீடுகளில் சமையலறைச் சுவர் வேண்டுமா வேண்டாமா என்று வாங்குபவரையே கேட்கிறது. சுவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் நகரும் கண்ணாடிக் கதவு போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். விருந்தினர் வந்தால் திறப்பார்கள், மிளகாய் வறுத்தால் மூடுவார்கள்.

சென்னையிலும் கோவையிலும் அதே கண்ணாடிக் கதவு வந்துவிட்டது. வரைபடத்தில் யூட்டிலிட்டி என்று குறிக்கும் நாலடி அகல இடம் ஒன்று பெரும்பாலான ஃபிளாட்டுகளில் அடுக்களைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்பி போட்ட அந்த மூலையில் குழாயும் பாத்திரத் தொட்டியும் காலி சிலிண்டரும் இருக்கும். துணி காயும், துளசித் தொட்டி ஒன்று நிற்கும். மீன் கழுவுவதும் தேங்காய் உடைப்பதும் அங்கேதான். வாடை அதிகம் வரும் சமையலுக்கென்று ஒற்றை அடுப்பொன்றையும் சில வீட்டார் அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், பழைய வீட்டின் கொல்லைப்புறத்து அடுப்பைப் போல.